திறந்தகூரைப் பழந்தானுந்துகளின் மின்னமைப்புப் பாதுகாப்பு

திறந்தகூரைப் பழந்தானுந்துகளின் மின்னமைப்புப் பாதுகாப்பு என்பது, மடக்கக்கூடிய துணிக்கூரை கொண்ட பழைய கார்களின் மின்கம்பிகள், மின்கலம், மின்னாக்கி, விளக்குகள் முதலியவற்றைக் குறுக்குச்சுற்று, ஈரம், அரிப்பு, தீ ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகளைக் குறிக்கும். இத்தகைய கார்கள் பொதுவழக்கில் கன்வர்டிபிள் எனப்படுகின்றன. 1930கள் முதல் 1970கள் வரை பிரித்தானியாவில் உருவாக்கப்பட்ட மோரிஸ் மைனர் டூரர், எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி., டிரையம்ஃப் ஹெரால்டு கன்வர்டிபிள் போன்றவை இவ்வகைக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டுகள்.

இக்கார்களில் மின்கலத்திலிருந்து புறப்படும் முதன்மைக் கம்பிகளுக்கு உருகி இல்லை. ஒரேயொரு கம்பியின் காப்புறை தேய்ந்து உடற்தகட்டைத் தொட்டாலும் அக்கம்பி சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து தீப்பற்றக்கூடும். எனவே இத்துறையில் முதன்மை நோக்கம் பழுது வராமல் தடுப்பது மட்டுமன்று. பழுது வந்தாலும் அது ஒரு கம்பியோடு நின்று, முழு வண்டியையும் எரிக்காமல் இருக்கச் செய்வதே ஆகும்.

தமிழ்நாட்டில் பின்னணி

தமிழ்நாட்டில் இவ்வகை மின்னமைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சென்னையை அடுத்த வண்டலூரில் தொழிற்சாலை கொண்டிருந்த இந்திய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், பிரித்தானிய டிரையம்ஃப் ஹெரால்டு காரை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் உருவாக்கியது. ஹெரால்டின் உடற்பகுதிகள் தனி அடிச்சட்டத்தின் மீது மறையாணிகளால் பூட்டப்பட்டவை. கூரையைத் தனியே கழற்ற முடியும் என்பதால், பிரித்தானியாவில் 1960இல் அதன் திறந்தகூரை வடிவம் எளிதாக வெளிவந்தது.

அதே 1961ஆம் ஆண்டில், பிரித்தானியாவின் லூகாஸ் நிறுவனமும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து சென்னை பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின. தானுந்துகளுக்கான டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டார் போன்ற மின்கருவிகள் இங்கே உருவாயின. பழைய பிரித்தானியக் கார்களில் பெரும்பாலானவை லூகாஸ் மின்கருவிகளையே கொண்டிருந்தன. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து உருவான அம்பாசிடரும் இவ்வழி வந்ததே. இதனால் இம்மின்னமைப்பைப் பழுதுபார்க்கும் அறிவு தமிழ்நாட்டின் ஆட்டோ எலக்ட்ரீசியன்களிடம் தலைமுறையாக இருந்து வருகிறது. சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் தானுந்து உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைவீதிகள் ஆகும்.

மின்னமைப்பின் கட்டமைப்பு

இக்கார்களின் மின்னழுத்தம் பெரும்பாலும் 12 வோல்ட்டு ஆகும். எம்.ஜி.ஏ., தொடக்ககால எம்.ஜி.பி. போன்றவற்றில் இரண்டு 6 வோல்ட்டு மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டு, இருக்கைகளுக்குப் பின்னால் தரைத்தகட்டின் கீழ் வைக்கப்பட்டிருந்தன. எஞ்சின் ஓடும்போது டைனமோ மின்கலத்தை மின்னேற்றும். லூகாஸ் சி40 டைனமோவின் உயர்ந்த அளவு மின்னோட்டம் ஏறத்தாழ 22 ஆம்பியர். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது டைனமோவிலிருந்து பயனுள்ள மின்னோட்டம் கிடைப்பதில்லை.

டைனமோவுக்கும் மின்கலத்துக்கும் இடையே கட்-அவுட் எனப்படும் மின்காந்த இணைப்பி உள்ளது. எஞ்சின் நின்றதும் இது திறந்துகொண்டு, மின்கலத்தின் மின்னோட்டம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும். இதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், நிறுத்திவைக்கப்பட்ட காரிலும் பெரும் மின்னோட்டம் தொடர்ந்து பாய்ந்து கம்பிகளைச் சூடாக்கும். காரை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டால் ஆபத்து இல்லை என்னும் எண்ணம் இவ்வகைக் கார்களுக்குப் பொருந்தாது.

லூகாஸ் கம்பிகள் நிறத்தால் அடையாளம் காணப்படுகின்றன. முதன்மை நிறங்கள் வருமாறு:

- பழுப்பு: மின்கலத்துடன் எப்போதும் இணைந்திருப்பது, உருகி இல்லை.
- வெள்ளை: சாவி திருப்பியதும் மின்னோட்டம் பெறுவது, உருகி இல்லை.
- பச்சை: சாவி வழியாக வருவது, உருகி உண்டு.
- ஊதா: எப்போதும் மின்னோட்டம் உள்ளது, உருகி உண்டு.
- நீலம்: முகப்பு விளக்குகள்.
- சிவப்பு: பக்க, பின் விளக்குகள்.
- கறுப்பு: உடற்தகட்டுடன் இணைவது.

மோரிஸ் மைனர், தொடக்ககால எம்.ஜி.பி. ஆகியவற்றில் இருந்த உருகிகள் இரண்டே. பழுப்பு, வெள்ளை, நீல நிறக் கம்பிகள் இவற்றின் காப்புக்குள் வருவதில்லை. ஓர் உருகி எரிந்து, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினோ இரவில் முகப்பு விளக்கோ திடீரென அணைந்துவிடக் கூடாது என்பது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. கம்பிகள் புதியனவாக இருந்த காலத்தில் இது ஓரளவு பொருந்தியது. 50, 60 ஆண்டு கடந்த கம்பிகளுக்கு இது பொருந்தாது.

தீப்பற்றும் முறை

12 வோல்ட்டு என்பது மனித உடலைத் தாக்காத அளவு என்பதால், அதனைத் தீங்கற்றதாகப் பலர் கருதுகின்றனர். தீயைப் பொறுத்தவரை முதன்மையானது மின்னழுத்தம் அன்று, மின்னோட்டம் ஆகும். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செப்புக்கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம். இத்தகைய கம்பி இரண்டு மீட்டர் தொலைவில் உடற்தகட்டைத் தொட்டதாகக் கொள்வோம். கம்பியின் மின்தடை 0.035 ஓம், மின்கலத்தின் உட்தடையும் இணைப்புகளின் தடையும் சேர்ந்து 0.015 ஓம் எனில், மொத்தம் 0.05 ஓம். பாயும் மின்னோட்டம் 240 ஆம்பியர் ஆகும். இயல்பாக 9 ஆம்பியருக்கும் குறைவாகத் தாங்கும் அக்கம்பியில் அப்போது ஏறத்தாழ 2,000 வாட்டு வெப்பம் உண்டாகும். இது வீட்டில் நீர் காய்ச்சும் பெரிய மின்சூடேற்றியின் ஆற்றலுக்கு ஒப்பானது.

கம்பிகள் கட்டாகச் சேர்த்துச் சுற்றப்பட்டிருப்பதால், ஒரு கம்பியின் வெப்பம் அடுத்துள்ள கம்பிகளின் உறையையும் உருக்கும். பின்னர் அவையும் ஒன்றையொன்று தொடும். 1950களின் கார்களில் கம்பிகள் ரப்பர் உறையும் அதன் மேல் பருத்திநூல் பின்னலும் கொண்டவை. ரப்பர் முதுமையில் உலர்ந்து வெடித்து உதிரும். வெளியே நூற்பின்னல் நன்றாகத் தோன்றினாலும் உள்ளே செம்பு வெறுமையாக இருக்கக்கூடும்.

திறந்த கூரையால் வரும் இடர்கள்

மூடிய கார்களில் மழைநீர் புகாத இடங்கள் பலவும் திறந்தகூரைக் கார்களில் நனைகின்றன. துணிக்கூரையின் தையல்கள், கதவுக் கண்ணாடியின் விளிம்பு, முகப்புக் கண்ணாடிச் சட்டத்தின் அடி ஆகிய வழிகளில் நீர் கசிந்து கருவிப்பலகையின் பின்புறத்துக்குச் செல்கிறது. சாவிப்பூட்டு, விளக்கு ஆளிகள், அளவிகள் ஆகியவற்றின் இணைப்புகள் அனைத்தும் அங்கேதான் உள்ளன. தரைவிரிப்பில் தேங்கும் நீர் நாட்கணக்கில் காயாமல், அதன் அடியில் செல்லும் கம்பிகளையும் தரைத்தகட்டையும் அரிக்கிறது. வெயிலில் கூரை திறந்திருக்கும்போது கம்பிகளின் உறை விரைவில் கடினமாகிறது.

சென்னையின் ஆண்டு மழையளவு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். இதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றும் சேர்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் வாலாஜாபாத்துக்கு அருகிலுள்ள தென்னேரி போன்ற, பெரிய ஏரியை ஒட்டிய ஊர்களில் உப்பு இல்லையெனினும் மழைக்காலக் காற்றின் ஈரப்பதம் மிகுதி. இரவில் குளிரும் தகடுகளின் மேல் இந்த ஈரம் பனித்துளியாகப் படியும். நெகிழித் தாளால் காரை மூடினால் ஈரம் உள்ளேயே அடைபடும். காற்றுப் புகும் பருத்தித் துணி உறையும், மேடான தரையுள்ள கொட்டகையும் ஏற்றவை. நெல் சேமிக்கும் இடங்களுக்கு அருகில் எலிகள் கம்பி உறையைக் கடிப்பதும் பெரிய இடராகும்.

பாதுகாப்பு முறைகள்

மின்கலத் துண்டிப்பான்

ஸ்டார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுழற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அதற்குச் செல்லும் பருமனான வடத்தில் சாதாரண உருகி பொருத்த இயலாது. ஆகவே அவ்வடத்துக்கு நடைமுறையில் உள்ள காப்பு, மின்கலத்தைக் கையால் துண்டிக்கும் ஆளி ஒன்றே. இது மின்கலத்தின் எர்த் வடத்தில், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் பொருத்தப்படுகிறது. கார் நிறுத்தப்படும் ஒவ்வொரு முறையும் இதனைத் திருப்பிவைத்தால், ஒட்டிக்கொண்ட கட்-அவுட், எலி கடித்த கம்பி ஆகியவற்றால் ஆளில்லாத நேரத்தில் தீப்பற்றுவது தடுக்கப்படும். செலவு குறைந்த, பயன் மிகுந்த காப்பு இதுவே.

ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்ட கார்களில், எஞ்சின் ஓடும்போது மின்கலத்தைத் துண்டித்தால் மின்னழுத்தம் திடீரென உயர்ந்து ஆல்டர்னேட்டரின் டையோடுகள் பழுதாகும். அவசரம் தவிர்த்த நேரங்களில் எஞ்சினை நிறுத்திய பின்னரே துண்டிக்க வேண்டும்.

உருகிகள்

உருகியின் பணி கருவியைக் காப்பதன்று, கம்பியைக் காப்பதாகும். எனவே அதன் அளவு கம்பியின் தாங்குதிறனைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மின்னோட்டம் புறப்படும் இடத்துக்கு இயன்றவரை அருகில் அது அமைய வேண்டும். உருகிக்கு முன்னுள்ள கம்பி காப்பற்றதே ஆகும்.

பழைய லூகாஸ் கண்ணாடி உருகியில் 35 ஆம்பியர் என்று குறிக்கப்பட்டிருக்கும். அது உருகி எரியும் அளவைக் குறிக்கும். தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதியே, அதாவது ஏறத்தாழ 17 ஆம்பியர். தற்கால உருகிகளில் குறிக்கப்படுவது தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய 35க்கு மாற்றாகப் புதிய 35ஐப் பொருத்தினால் காப்பு பாதியாகக் குறைந்துவிடும். எரிந்த உருகிக்குப் பதிலாகச் செப்புக்கம்பியோ சிகரெட் தாளின் ஈயமோ சுற்றுவது காப்பை முற்றிலும் நீக்கிவிடும்.

கூடுதலாகப் பொருத்தத்தக்க உருகிகள் பின்வருவன:

- ஸ்டார்ட்டர் சொலினாய்டிலிருந்து புறப்படும் பழுப்புக் கம்பியில் 50 ஆம்பியர் அளவிலான முதன்மை உருகி. இது அக்கம்பி நேரடியாக உடற்தகட்டைத் தொடும்போது எரியும். கிளைக் கம்பிகளுக்குத் தனித்தனி உருகிகள் தேவை.
- இடது, வலது முகப்பு விளக்குகளுக்குத் தனித்தனி உருகிகள். ஒன்று எரிந்தாலும் மற்ற விளக்கு எரியும் என்பதால் பழைய வடிவமைப்பாளர்களின் அச்சம் இங்கே நீங்குகிறது.
- பின்னர் சேர்த்த வானொலி, கைபேசி மின்னேற்றி ஆகியவற்றுக்குத் தனி உருகி.

எர்த் இணைப்பு

இக்கார்களில் மின்னோட்டம் உடற்தகட்டின் வழியாகவே மின்கலத்துக்குத் திரும்புகிறது. தகடு துருப்பிடித்தால் அல்லது இணைப்பிடத்தில் வண்ணம் பூசப்பட்டால் மின்தடை கூடும். விளக்கின் மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால், வெளிச்சம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறையும். இதனைக் கண்டு சிலர் விளக்கைத் தேவையின்றி மாற்றுகின்றனர்.

எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் இணைக்கும் பின்னல் வடம் இன்றியமையாதது. அது அறுந்தால் ஸ்டார்ட்டரின் மின்னோட்டம் கைத்தடுப்பு வடம், ஆக்சிலரேட்டர் வடம் போன்ற மெல்லிய உலோக வழிகளில் பாய்ந்து அவற்றைப் பழுக்கச் செய்யும். இணைப்பிடங்களைத் தாள்கொண்டு தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுவது வழக்கம்.

ரிலே

பழைய முகப்பு விளக்கின் மின்னோட்டம் முழுவதும் கருவிப்பலகையின் ஆளி வழியாகச் செல்கிறது. அதில் 60/55 வாட்டு ஹாலஜன் விளக்குகளைப் பொருத்தினால், இரண்டுக்கும் சேர்த்து 9 முதல் 10 ஆம்பியர் தேவைப்படும். பழைய ஆளியின் தொடுமுனைகள் இதனால் சூடாகும். ரிலே பொருத்தினால், பழைய ஆளி ஓர் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தையே கையாளும். விளக்குக்குத் தேவையான மின்னோட்டம் உருகியுடன் கூடிய புதிய கம்பி வழியாக நேரடியாகச் செல்லும்.

22 ஆம்பியர் டைனமோ கொண்ட காரில் இரவில் மழை பெய்யும்போது முகப்பு விளக்கு, பற்றவைப்பு, துடைப்பான், பின் விளக்குகள் ஆகியவற்றுக்கே ஏறத்தாழ 18 ஆம்பியர் செலவாகும். வேறு கருவிகளைச் சேர்க்க இடம் மிகக் குறைவு.

எரிபொருள் பம்பு

மோரிஸ் மைனர், எம்.ஜி. கார்கள் முதலியவற்றில் எஸ்.யு. மின் எரிபொருள் பம்பு உள்ளது. விபத்தில் கார் கவிழ்ந்தாலும், சாவி திறந்திருக்கும்வரை இது பெட்ரோலை வெளியேற்றிக்கொண்டிருக்கும். மோதலின் அதிர்வில் தானே திறந்துகொள்ளும் ஆளியை இதன் கம்பியில் சேர்ப்பது நல்ல காப்பாகும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் விற்பனைக்கு வந்தது. பழைய ரப்பர்க் குழாய்கள் எத்தனாலுக்கு ஏற்ப உருவாக்கப்பட்டவை அல்ல. அவை மென்மையாகிக் கசிந்தால் சிறு தீப்பொறியும் பெருந்தீயாகும் என்பதால், மின்கம்பிகளைச் சீரமைக்கும்போதே குழாய்களையும் மாற்றுவது நல்லது.

மின்முனைத் திசை

1930களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் பிற்பகுதிவரை, பெரும்பாலான பிரித்தானியக் கார்களில் மின்கலத்தின் நேர்முனையே உடற்தகட்டுடன் இணைக்கப்பட்டது. தற்காலக் கார்களில் எதிர்முனை இணைக்கப்படுகிறது. இதை அறியாமல் புதிய வானொலியையோ மின்னேற்றியையோ இணைத்தால், அதன் வெளிக்கூடு உடற்தகட்டைத் தொட்டதும் குறுக்குச்சுற்று ஏற்படும்.

எம்முனை இணைந்திருந்தாலும், மின்கலத்தைக் கழற்றும்போது உடற்தகட்டுடன் இணைந்த முனையையே முதலில் கழற்ற வேண்டும். பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்ட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், கையிலுள்ள ஸ்பேனர் தகட்டில் பட்டவுடன் பெரும் பொறி எழும். மின்னேறும் மின்கலத்திலிருந்து வரும் ஐதரசன் வளிமம் காற்றில் 4 விழுக்காட்டைக் கடந்தால் அப்பொறியில் வெடிக்கக்கூடும்.

திசையை மாற்றுவோர் டைனமோவின் புலச்சுருளுக்குப் புதிய திசையில் சிறிது நேரம் மின்னோட்டம் அளித்து அதன் காந்தத் திசையையும் மாற்ற வேண்டும். பற்றவைப்புச் சுருளின் இரு கம்பிகளும் இடம் மாற்றப்பட வேண்டும்.

வெள்ளக் காலம்

2015 டிசம்பர் 1, 2 நாட்களில் பெய்த பெருமழையில், வண்டலூருக்கு அருகிலுள்ள தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் பெருந்தொகையான ஊர்திகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதே நிலை ஏற்பட்டது.

வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் மின்கலத்தைக் கழற்றி உயரமான இடத்தில் வைப்பது முதற்பணி. இணைந்த நிலையில் மூழ்கினால், நீரின் வழியே பாயும் மின்னோட்டம் மின்பகுப்பால் செப்பு முனைகளை விரைந்து அரிக்கும். நீர் வடிந்த பின் சாவியைத் திருப்பிப் பார்ப்பது தவறு. இணைப்புகளைத் தூய நீரால் கழுவி, உலர்த்தி, டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் பிரித்துக் காயவைத்து, கம்பிகளின் காப்புறையைச் சோதித்த பின்னரே மின்கலத்தை இணைக்க வேண்டும். பழந்தானுந்துகளில் கணினிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இல்லை. எனவே பொறுமையாகச் செய்தால் முழுவதையும் மீட்க வாய்ப்புண்டு.

மூலவடிவமும் சட்டமும்

இந்திய அரசு 2021 சூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, பழம்பெரும் ஊர்திகளுக்குத் தனிப்பதிவு முறையை உருவாக்கியது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, மூலவடிவில் பேணப்பட்ட, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்குசக்கர ஊர்திகள் இதில் அடங்கும். இவ்வாறு பதிவுபெற்ற ஊர்திகளை அன்றாடப் பயணத்துக்கோ வணிகத்துக்கோ பயன்படுத்த இயலாது.

மூலவடிவைக் காக்க விரும்புவோர் சிலர் உருகி, ரிலே ஆகியவற்றைச் சேர்ப்பதைக் குறையாகக் கருதுவர். தகட்டில் புதிய துளையிடாமல், பழைய கம்பிகளை வெட்டாமல், கழற்றக்கூடிய தனி இணைப்பாகச் சேர்த்தால் இரு நோக்கமும் நிறைவேறும். நூற்பின்னல் உறையுடன், உள்ளே பி.வி.சி. காப்பு கொண்ட புதிய கம்பிக் கட்டுகளும் பழைய நிறங்களிலேயே உருவாக்கப்படுகின்றன. தோற்றம் பழையதாகவும் காப்பு புதியதாகவும் இருக்க இவை உதவுகின்றன.

கோயம்புத்தூரின் ஜி.டி. தானுந்து அருங்காட்சியகம், சென்னை வடபழனியின் ஏ.வி.எம். பாரம்பரிய அருங்காட்சியகம் ஆகியவற்றில் பழைய கார்களைப் பொதுமக்கள் காணலாம். உதிரிப்பாகங்களுள் பல இன்று உருவாக்கப்படாத நிலையில், எரிந்துபோன ஒரு காருக்கு மாற்று எளிதில் கிடைப்பதில்லை. பழைய வடிவத்தில் ஓர் உருகியைச் சேர்ப்பது சிறு மாற்றம். சேர்க்காமல் விட்டால் இழக்க நேர்வது அவ்வடிவம் முழுவதுமாகும்.

இவற்றையும் பார்க்க

- உருகி
- ஈய-அமில மின்கலம்
- டைனமோ
- ஸ்டாண்டர்டு ஹெரால்டு
- அம்பாசிடர் தானுந்து